இரண்டாம் கடிதத்தின் நகல்

ஏகாம்பரநாதர் துணை

காஞ்சிபுரம்
ஐப்பசி 28 (14.11.2023)
கடிதம் எண் 1

தம்பிகள் சிவபாலனுக்கும் தினகரனுக்கும் அக்கா ஏலவார்குழலியின் ஆசீர்வாதம். அம்பாள் புண்ணியத்தில் நானும் உங்கள் மாமாவும் சுகம். உங்கள் இருவர் உடம்பும் எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கம்பெனியில் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாமே? லாரி ஓட்டும் முசரவாக்கம் வெங்கடேசன் லீவில் வந்தவன், வீட்டுக்கு வந்து சொன்னான். படம் எடுத்து வெளியே அனுப்புகிறார்கள் என்று சந்தேகமாம். போகட்டும். போன் வருவதற்கு முன்னால் மனிதர்கள் பேசிக்கொள்ளவில்லையா? வெங்கடேசன் மறுபடி அங்கே வரும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன். இனி அவன் தங்கியிருக்கும் எர்பில் விலாசத்துக்கே தபாலில் போடுகிறேன். அவன் கல் ஏற்ற வரும்போது கொண்டுவந்து தருவான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கோயில் சுவரில் இருக்கிற எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்துத்தான் கை பழகியது. பிழை இருந்தால் தினா சிரிக்கட்டும். இந்தக் கடிதத்தை அப்படியே நீள நோட்டில் நகல் எடுத்திருக்கிறேன். நான் என்ன கேட்டேன், நீங்கள் எதற்குப் பதில் எழுதினீர்கள், எதற்கு எழுதவில்லை என்று சரிபார்க்க வேண்டுமே. மாமா, "உங்க அக்கா எமதர்மனுக்கே ரசீது போட்டுக் கேப்பா" என்கிறார்.

நேற்று நோன்பு. இருவருக்கும் நோன்புக் கயிறு வைத்திருக்கிறேன். வலது மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். சிவா, அவனுக்கு நீ கட்டிவிடு. அவன் கட்டினால் இரண்டே நாளில் அவிழ்ந்துவிடும்.

அக்கா


ஜாப் ஆற்றங்கரை, இராக்
3.12.2023

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடிதமும் கயிறும் வந்தன. கயிற்றைக் கட்டியாயிற்று. உடம்புக்குக் குறை இல்லை. குளிர்தான் எலும்பில் ஏறுகிறது. மாமாவுக்கு எங்கள் வணக்கம்.

இங்கே நாங்கள் இருப்பது ஆற்றில் கூழாங்கல் அள்ளி உடைக்கிற இடம். கேட்டுக்கு வெளியே ஒரு டீக்கடை. கடைக்காரர் துபாயில் இருந்தவர், இந்தி பேசுவார். இந்த ஆற்றின் பெருமையை அவர்தான் சொன்னார். ஏறக்குறைய ஆயிரத்து இருநூற்று எழுபது வருஷத்துக்கு முன்னால் அரபு தேசத்தின் இரண்டு ராஜ வம்சங்கள் இந்தக் கரையில் மோதின. உமையா வம்சம் வெள்ளைக் கொடி. அப்பாஸ் வம்சம் கருப்புக் கொடி. மூலத்தில் ஒரே குலத்துப் பங்காளிகள். வெள்ளைக் கொடி ராஜாவிடம்தான் பெரிய படை. அவரே ஆற்றின் மேல் பாலம் போட்டு எதிரி இருக்கும் கரைக்குப் படையைக் கொண்டுபோனாராம். ஜெயிப்போம் என்று அவ்வளவு நிச்சயம்.

அக்கா, எங்கள் ஒப்பந்தம் ஆவணியோடு முடிந்துவிட்டது. பாஸ்போர்ட்டை மேலாளர் தன் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். கேட்டால் அடுத்த மாதம் என்கிறார். போன மாதமும் அதையே சொன்னார். அக்கரையில் பெரிய ரோடு போகிறது. அங்கே போய்விட்டால் எர்பிலில் தூதரகக்காரர்களைப் பார்க்கலாம். ஓடிவிடலாம் என்று நான் சொல்கிறேன். தினா, "அக்காவக் கேளு" என்கிறான். நீ என்ன சொல்கிறாய்?

உன் தம்பி
சிவபாலன்

யக்கா, தினா எழுதறேன். அண்ணன் டீ குடிக்கப் போறேன்னு போயி சண்டக் கத கேட்டுக்கினு நிக்குது, நான் ரெண்டாளு கல்லு அள்றேன். கயிறு அவுரவே இல்ல பாத்துக்க. ஊருக்கு வந்தா மொத வேல, பஸ் ஸ்டாண்டு கடையில எட்டு பரோட்டா. நீ கோயிலுக்குப் போற வழியில பாத்தாலும் பாக்காத மாரி போயிடணும், சொல்லிட்டேன்.


ஏகாம்பரநாதர் துணை

காஞ்சிபுரம்
மார்கழி 8 (24.12.2023)
கடிதம் எண் 2

சிவாவுக்கும் தினாவுக்கும் அக்காவின் ஆசி. விடியற்காலை கோயிலுக்குப் போய்வந்து ஈரத் தலையோடு எழுதுகிறேன். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. மாமா தறியில் புதுப் பாவு ஏற்றியிருக்கிறார், மயில் கழுத்து நிறம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ஓட வேண்டாம். ஓடினவன் பேரில் எந்தப் பழியும் போடலாம். பாஸ்போர்ட் இல்லாதவனை எந்த ஊர்ப் போலீஸ் விடும்? மேலாளரிடம் நேரே நின்று, கடவுள் பேரில் வாக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இது தினாவுக்கு. உனக்கு ஏழு வயதில் சர்வதீர்த்தக் குளத்தில் குதித்துவிட்டு, காவல்காரர் கம்போடு வந்ததும் நடுக்குளத்தில் போய் நின்றுகொண்டாயே, நினைவிருக்கிறதா? நான் கரையில் அழுதுகொண்டிருந்தேன். அவர் கம்பைக் கீழே போட்டுவிட்டு, "ஏகாம்பரநாதர் மேல சத்தியம்பா, அடிக்கமாட்டேன், ஏறி வா" என்றார். நீ வந்தாய். அவர் அடிக்கவில்லை. துண்டால் உன் தலையைத் துவட்டினார். அதை மறக்காதே. எவன் எந்தச் சாமி பேரைச் சொல்லிச் சத்தியம் செய்தாலும் நம்பித் திரும்பி வா. மனிதன் பொய்யனாக இருக்கலாம், அவன் வாயில் வந்த பேர் பொய்யாகாது. இதை மனப்பாடம் செய்துகொள். அண்ணன் அவசரக்காரன். நீதான் அவனைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

பரோட்டா விஷயம் யோசிக்கிறேன்.

அக்கா


ஏகாம்பரநாதர் துணை

காஞ்சிபுரம்
தை 28 (11.2.2024)
கடிதம் எண் 3

என் செல்லத் தம்பிகளுக்கு அக்கா. பொங்கல் போய்விட்டது, தைப்பூசம் போய்விட்டது, உங்களிடமிருந்து ஓர் எழுத்து இல்லை. என் இரண்டாம் கடிதம் கிடைத்ததா? ஏழு வாரம் ஆகிறது. சுகமாக இருக்கிறோம் என்று ஒரே ஒரு வரி போதும்.

முந்தாநாள் தை அமாவாசை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வழக்கம்போல இரண்டு இலை போட்டேன். காக்கை வந்தது. ஓட்டின் மேலேயே உட்கார்ந்து இரண்டு இலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிய பிறகுதான் இறங்கியது. ஏதாவது குறை வைத்துவிட்டேனா என்று இரண்டு நாளாய் மனதில் அதே ஓட்டம். உப்பு, நெய், எள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

எழுதுங்கள்.

அக்கா


25.2.2024

அன்புள்ள அக்காவுக்கு, சிவபாலன். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. நீயும் மாமாவும் நல்லபடியாக இருப்பது தெரிந்து ஆறுதல். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள்.

இடம் மாறியிருக்கிறோம். டீக்கடைக்காரரின் அண்ணனுக்கு அக்கரையில் தக்காளித் தோட்டம் இருக்கிறது, அங்கே. தூதரகத்தில் மனு கொடுத்தாயிற்று. என்னிடம் இப்போது ஒரு போன் இருக்கிறது. ஆனால் நீ கூப்பிடாதே, இங்கே சரியாகக் கேட்பதில்லை. எழுதுவதே நல்லது. தினாவுக்கு வலது கையில் அடி, பேனா பிடிக்க முடியவில்லை. பயப்படும்படி இல்லை.

சண்டைக் கதையை விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். கருப்புக் கொடிக்காரர்கள் முழங்காலிட்டு ஈட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு அசையாமல் இருந்தார்களாம். வெள்ளைக் கொடிக் குதிரைகள் அதில் போய் மோதி விழுந்தன. ராஜா ஏதோ அவசரத்துக்குக் குதிரையை விட்டு இறங்க, குதிரை தனியாகப் படைக்குள் ஓடியது. வெறும் சேணத்தைப் பார்த்தவர்கள் ராஜா செத்தார் என்று நினைத்துத் திரும்பி ஓடினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஓடினவர்கள் பாலத்துக்கு வந்தால் பாலம் அறுந்து கிடந்தது. கத்தியால் செத்தவர்களைவிட இந்த ஆற்றில் முழுகிச் செத்தவர்கள்தான் அதிகமாம். பார்த்தால் அப்படித் தெரியாது. மேலே சாதுவாகப் போகும், அடியில் இழுக்கும்.

ஒரு விஷயம். எங்களோடு வேலை செய்த ஜெபகுமார் என்ற பையன் ஆற்றில் போய்விட்டான். பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை, மத்தியானத் தொழுகை நேரம். அன்றைக்கு என்ன திதி என்று பஞ்சாங்கம் பார்த்து எழுது. அவன் வீட்டில் கேட்கிறார்கள்.

சிவபாலன்


ஏகாம்பரநாதர் துணை

காஞ்சிபுரம்
பங்குனி 4 (17.3.2024)
கடிதம் எண் 4

சிவாவுக்கு அக்காவின் ஆசி. நாங்கள் இருக்கிறோம். உன் உடம்பைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே.

நீ கேட்ட கணக்கு. பிப்ரவரி 2 என்பது தை 19. அங்கே மத்தியானம் என்றால் இங்கே மணி இரண்டரை. அன்று நாலு மணி வரைக்கும் தேய்பிறை சப்தமி. ஆகவே சப்தமிதான். வருஷா வருஷம் தை மாதத் தேய்பிறை சப்தமியில் செய்ய வேண்டும். சந்தேகம் இல்லை, மூன்று முறை பார்த்தேன்.

அந்தப் பிள்ளையின் அம்மா பேர் என்ன? விளக்கு வைக்கும்போது அவளுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.

தினாவுக்கு வலது கைதானே அடி? இடது கையால் ஒரு கோடு கிழிக்கச் சொல். அதுவும் முடியாவிட்டால் கட்டை விரலை மையில் தொட்டுக் கடிதத்தில் ஓர் ஒற்று. ஏகாம்பரநாதர் திருக்கல்யாணத்துக்கு முன்னால் வந்தால் அதைச் சாமிக்கு முன் வைப்பேன். அப்படி வராவிட்டாலும் எப்போது வந்தாலும் சரி.

அக்கா


14.4.2024

அக்காவுக்கும் மாமாவுக்கும் புத்தாண்டு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன்.

வெங்கடேசன் ஊருக்கு வருகிறான், அவன் கையில் இதைத் தருகிறேன். அவனைத் துருவித் துருவிக் கேட்காதே, களைத்துப்போய் வருகிறான்.

போரில் தோற்ற பிறகு வெள்ளைக் கொடி வம்சத்தை வேட்டையாடினார்கள். பயப்படாதீர்கள் என்று அடைக்கலம் சொல்லி விருந்துக்கு அழைத்து, விருந்திலேயே கொன்றார்களாம். தப்பியவர்களில் இரண்டு ராஜகுமாரர்கள், அண்ணன் தம்பி. அண்ணனுக்கு இருபது வயது, தம்பிக்குப் பதின்மூன்று. ஊர் ஊராக ஒளிந்து கடைசியில் யூப்ரடீஸ் நதிக்கு வந்தார்கள். பின்னால் குதிரைகள். இருவரும் தண்ணீரில் குதித்தார்கள்.

இவ்வளவுதான் டீக்கடைக்காரர் சொன்னார். மீதி பிறகு.

சிவபாலன்


ஏகாம்பரநாதர் துணை

காஞ்சிபுரம்
சித்திரை 22 (5.5.2024)
கடிதம் எண் 5

சிவா, உன் கடிதத்தை வெங்கடேசன் கொண்டுவந்து கொடுத்தான். எங்கள் சுகத்தை அவன் உனக்குச் சொல்வான்.

வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். வெயிலில் வந்திருக்கிறானே என்று மோர் கொண்டுவந்தேன். "வேணாம்கா, இப்பத்தான் குடிச்சிட்டு வரேன்" என்றான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. "தம்பிங்க எப்படிப்பா இருக்குதுங்க?" என்றேன். "பெரியவரு நல்லா இருக்காருக்கா" என்றான். சின்னவரைக் கேட்டேன். கூடத்தில் மாட்டியிருக்கும் தினாவின் பள்ளிக்கூடப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். வரேன்கா என்று சொல்லவில்லை. போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. முசரவாக்கத்துப் பிள்ளை, முறை தெரியாதவன் இல்லை. எந்த வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் போவார்கள் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் கேட்டு நீ பதில் எழுதாதவை இரண்டு. அந்த அம்மாள் பேர், தினாவின் கைரேகை.

ஜெபகுமார் வீட்டில் திதி பார்க்கமாட்டார்கள் சிவா. சர்ச்சுக்காரர்களுக்குத் தேதி போதும். நீ கேட்ட அன்றைக்கே இது எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் மூன்று முறை பஞ்சாங்கம் பார்த்தேன். தப்பாகப் பார்த்துவிட்டால் நாளைக்குத் திதி மாறிப்போகுமே என்று பார்த்தேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் தறியில் இருக்கும் சத்தம் நின்றால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆற்றில் குதித்த தம்பி அக்கரை போய்ச் சேர்ந்தானா?

அக்கா


9.6.2024

அக்கா,

நீ சுகமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

கரையில் நின்றவர்கள் கூப்பிட்டார்கள். திரும்பி வாருங்கள், ஒன்றும் செய்யமாட்டோம் என்று சொன்னார்கள். தம்பி களைத்திருந்தான், அவர்கள் சொன்னதை நம்பிவிட்டான். அண்ணன் வேண்டாம் என்று கத்தினான். தம்பி திரும்பினான். கரையேறியதும் அவனை வெட்டினார்கள். அண்ணன் நீந்திக்கொண்டே போனான். பல வருஷம் அலைந்து ஸ்பெயின் தேசத்துக்குப் போய் ராஜா ஆனானாம். அவன் திரும்பிப் பார்த்தானா என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். அது தெரியாது என்றார். பார்த்திருப்பான் அக்கா. அதற்குப் பிறகு அவன் வேறு எதையும் பார்த்திருக்கமாட்டான்.

இனி கதை இல்லை.

மேலாளர் எங்களை இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை எல்லோரும் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து நான்தான் அவனை இழுத்துக்கொண்டு போனேன். அவன் வரமாட்டேன் என்றான். பாலத்தில் கம்பெனிக் காவல், அதனால் நீந்தினோம். அக்கரையில் வெங்கடேசன் லாரியை நிறுத்தியிருந்தான். பாதிக்கு மேல் வந்துவிட்டோம். இன்னும் ஐம்பது கை போட்டிருந்தால் கரை. மேலாளர் பின்னால் கரைக்கு ஓடிவந்தார். அவர் கையில் எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டும் இருந்தன. உயரத் தூக்கிக் காட்டினார். கடவுள் மேல் ஆணை, தருகிறேன், வாருங்கள் என்று இந்தியில் கத்தினார். தினா கையை நிறுத்தினான். திரும்பினான். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பாதிக்கு மேல் வந்தவன் திரும்பினால் எவ்வளவு தூரம் என்று அவனுக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. பனி உருகிய தண்ணீர். நடுவில் ஒரு தடவை கை தெரிந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் கீழே ஒரு வளைவில் கிடைத்தான். டீக்கடைக்காரர் அழுதுகொண்டே குளிப்பாட்டினார். கரையிலேயே அடக்கம் செய்து கல் வைத்தோம். கயிறு அவிழவில்லை அக்கா.

ஏன் திரும்பினான் என்று கேட்காதே. களைத்துவிட்டான் என்று வைத்துக்கொள். ஒரு வேண்டுதல். என் கடிதங்கள் இருக்கட்டும். உன் நகல் நோட்டை மட்டும் பாலாற்றில் போட்டுவிடு. அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

எனக்கு ஊர் திரும்பப் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தற்காலிகச் சீட்டு வந்துவிட்டது. எந்த முகத்தோடு வருவேன்?

சிவபாலன்


காஞ்சிபுரம்
ஆடி 19 (4.8.2024)
கடிதம் எண் 6

சிவா,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மாமாவிடம் அன்றே சொன்னேன். தறியிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நூல் ஓடத்தை வைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

நோட்டைப் போடச் சொன்னாய். போடச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அதை மறுபடி எடுத்திருக்கமாட்டேன். களைத்துவிட்டான் என்றே வைத்துக்கொண்டு செத்துப்போயிருப்பேன். எடுத்தேன். இரண்டாம் கடிதத்தின் நகல். என் கையெழுத்து. ஒரு பிழைகூட இல்லை, அடித்தல் திருத்தல் இல்லை. எவன் எந்தச் சாமி பேரைச் சொல்லிச் சத்தியம் செய்தாலும் நம்பித் திரும்பி வா. மனப்பாடம் செய்துகொள் என்றும் எழுதியிருக்கிறேன். நான் சொன்ன எதை அவன் ஒழுங்காகச் செய்திருக்கிறான்? பல் தேய்க்க மூன்று தரம் கத்த வேண்டும். இதை மட்டும் செய்திருக்கிறான்.

நீ இழுத்துக்கொண்டு போனாய் என்று எழுதியிருக்கிறாய். நீ கரைக்கு இழுத்தாய். நான் காஞ்சிபுரத்திலிருந்து இந்தப் பக்கம் இழுத்தேன். நடுவில் அவன்.

அதற்குப் பிறகு நான் கோயிலுக்குப் போகவில்லை. கோபம் இல்லை. அங்கே போய் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

இன்று ஆடி அமாவாசை. மூன்று இலை போட்டேன். மாமா பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போய் எட்டு பரோட்டா வாங்கி வந்தார். இந்த வீட்டுக்குள் அது வந்தது முதல் தடவை. சால்னா வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன், அதையும் ஊற்றினேன். காக்கை இன்று காக்க வைக்கவில்லை. நேரே மூன்றாவது இலைக்கு வந்தது. அவனும் இப்படித்தான், இலை போட்டால் பொறுக்கமாட்டான். நான் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்க்காத மாரி போயிடணும் என்று சொன்னானே.

சீட்டு வந்துவிட்டது என்றாயே, இன்னும் ஏன் வரவில்லை? எந்த முகத்தோடும் வா. எனக்கு இருக்கிற முகத்தை நீ பார், உனக்கு இருக்கிற முகத்தை நான் பார்க்கிறேன். வழியில் யார் கூப்பிட்டாலும் நிற்காதே. யார் மேல் சத்தியம் செய்தாலும் திரும்பாதே. கரையில் நின்று நானே கூப்பிட்டாலும் திரும்பாதே.

இந்தக் கடிதத்துக்கு நகல் எடுக்கவில்லை.

அக்கா